பத்துக் கொட்டைக்கு ஒரு சோழி

என் தங்கையின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. அதற்கு வேண்டியிருந்தது ஒரு பிடி புளியங்கொட்டைதான். வெளி மனிதர்களிடம் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். அவர்களும் சிரிப்பார்கள். ஏனென்றால் நடுவில் ஒரு பாகத்தை நான் சொல்லாமல் தாண்டிவிடுவேன். (மொத்தம் அரை நிமிஷம்தான் இருக்கும். நாற்பது வருஷமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.) இன்றைக்கு அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு, நாலு பள்ளிக்கூடங்களுக்கு மனுப் போட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அண்ணா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு என்னையும் தங்கை வேதாவையும் வளர்த்தது அண்ணாதான். அண்ணா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து மன்னி பேசிவிடுவாள். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். செண்பகாவுக்கு ஆறு வயது, சீமாச்சுவுக்கு ஐந்து.

டிரெயினிங்கில் எங்களுக்கு ஒரு புது விஷயம் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு கத்தச் சொல்வது பழைய முறையாம். எழுத்தும் எண்ணும் விளையாட்டோடு விளையாட்டாக உள்ளே இறங்கவேண்டுமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து, திருச்சி ஜில்லாவில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். (அப்போது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அபிப்பிராயங்கள் மட்டும் அடர்த்தியாக முளைத்திருந்தன.)

அண்ணாவின் வீடு என் பரிசோதனைக்கு அகப்பட்டது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு எழுத்தாக எழுதி, வீடு முழுவதும் ஒளித்துவைத்தேன். கண்டுபிடிக்கிற குழந்தை அந்த எழுத்தில் ஆரம்பிக்கும் ஒரு சாமானின் பேரைச் சொல்லவேண்டும். மன்னி அரிசி களையும்போது 'ஞ' மிதந்து வந்தது. அண்ணா ஆபீசில் ரயில்வே பாஸை எடுப்பதாக நினைத்துச் சட்டைப் பையில் கையை விட்டு, மேலதிகாரியிடம் 'கூ'வை நீட்டிவிட்டு வந்தார். அன்று இரவு சாப்பாட்டில் அவர் என்னைப் பார்த்த பார்வையை ஒரு பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் குழந்தைகள் உயிரை விட்டது கொட்டை ஆட்டத்துக்குத்தான். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆளுக்கு ஒரு மரச் சொப்பு. எதையாவது ஒன்றை எண்ணுவதென்று தீர்மானித்துக்கொள்ளவேண்டும். வீதியில் போகும் ஜட்கா, கூரையில் வந்து உட்காரும் காக்கை, அடுத்தாத்து மாமாவின் தும்மல், எதுவானாலும் சரி. ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை சொப்பில் போடவேண்டும். பத்துக் கொட்டை சேர்ந்ததும் "பத்து! சோழி!" என்று சத்தமாகச் சொல்லி, பத்தையும் கொடுத்துவிட்டு ஒரு சோழி வாங்கிக்கொள்ளலாம். யாரிடம் அதிகம் சேருகிறதோ அவர்கள் ஜெயம். பத்து என்பது ஒன்றுகள் கூடிச் சேர்ந்த ஒரு கட்டு என்பது குழந்தைக்குத் தானாகப் புரிந்துவிடும். செண்பகா இரண்டே வாரத்தில் நூறைத் தாண்டினாள். "பத்து!" என்று கத்தும்போது இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதிப்பாள். கூடம் பூராவும் அதிரும். இப்போதும் சொல்லுகிறேன், ஆட்டம் நல்ல ஆட்டம். ஆட்டத்தில் குற்றமில்லை.

அந்தச் சமயத்தில்தான் வேதாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பேர் வரதன், தபால் ஆபீசில் உத்தியோகம். அப்பா இல்லாத பிள்ளை. ஜீயபுரத்தில் இருக்கும் பெரியப்பாதான் அவனுக்கு எல்லாம். அவர் சரி என்றால் சரி. ஜாதகம் பொருந்திப் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் வந்ததும் அண்ணாவுக்கு இருந்த கவலை எங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் மூன்று இடம் வந்து, மூன்றும் தட்டிப்போயிருந்தது. வேதாவுக்குப் பதினேழு முடியப்போகிறது. அந்தக் காலத்து சித்திரை வீதியில் பதினேழு என்றால் தெருவே விசாரிக்கும்.

அன்று காலையில் மன்னி, "குழந்தைகள் ரெண்டையும் எதிராத்துல கொண்டுபோய் விட்டுடலாம். வந்தவா போனப்புறம் அழைச்சுண்டு வரலாம்" என்றாள்.

நான்தான் தடுத்தேன். "எதுக்கு மன்னி? அடைச்சுவெச்சாத்தான் குழந்தைகள் விஷமம் பண்ணும். நான் பார்த்துக்கறேன். மூச்சுக்கூட விடாது பாருங்கோ" என்றேன்.

"பார்த்துக்கோ. ஏதாவது ஆச்சோ, உன்னைத்தான் கேட்பேன்" என்றாள் மன்னி.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியப்பாவும் வரதனும் வந்தார்கள். பெரியப்பா நல்ல ஆகிருதி. பளிச்சென்று திருமண், பட்டுக்கரை வேஷ்டி, கணீரென்ற குரல். பெருமாள் சேவையை முடித்துக்கொண்டு நேரே வந்திருந்தார். வரதன் ஒல்லியாக, பாயின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தான். வேதா வந்து நமஸ்காரம் பண்ணினாள். ஒரு கீர்த்தனை பாடினாள். பெரியப்பா கண்ணை மூடித் தாளம் போட்டார். நல்ல சகுனமாகவே இருந்தது. வேதா உள்ளே போனாள். மன்னி சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொண்டுவந்தாள்.

அதற்குச் சற்று முன்னால், குழந்தைகளைக் கூடத்தை ஒட்டி, அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறை வாசலில், சொப்பும் கொட்டையுமாக உட்காரவைத்திருந்தேன். செண்பகா என் வேஷ்டியைப் பிடித்து இழுத்து, "சித்தப்பா, இன்னிக்கு எதை எண்ணறது?" என்று கேட்டாள்.

எனக்கு வந்தவர்களிடம் என் டிரெயினிங்கைப் பற்றிப் பேசவேண்டும் என்ற அவசரம். "வந்திருக்கிற மாமாக்கள் எத்தனை பஜ்ஜி சாப்பிடறான்னு எண்ணு, போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இதே வார்த்தைகள். நாற்பது வருஷமாக இவற்றை மாற்றிப் பார்க்க முயன்றிருக்கிறேன். "ஏதாவது எண்ணு" என்று சொன்னேனோ, "மாமா சாப்பிடறா, சத்தம் போடாதே" என்று சொன்னேனோ என்று. இல்லை. சொன்னது இதுதான்.

செண்பகா பெரியப்பாவை எடுத்துக்கொண்டாள். சீமாச்சுவுக்கு வரதன். மன்னியின் வாழைக்காய் பஜ்ஜி அந்த வீதியில் பிரசித்தம். பெரியப்பா முதலில் ஒன்றை எடுத்து ருசி பார்த்தார். பிறகு ருசி பார்க்கும் சிரமத்தை விட்டுவிட்டார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து விளையாட்டு முறைக் கல்வியைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர், "பேஷ், பேஷ்" என்றார். (என்னைச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். பஜ்ஜியைச் சொல்லியிருக்கிறார்.)

முதல் அபாயம் சீமாச்சுவிடமிருந்து வந்தது. அவன் சொப்போடு எழுந்து வரதனிடம் வந்து, அழாக் குறையாக, "மாமா, இன்னும் ஒண்ணு சாப்பிடுங்கோ. நீங்க ரெண்டே ரெண்டுதான் சாப்பிட்டிருக்கேள். நான் தோத்துடுவேன்" என்றான். வரதன் ஒன்றும் புரியாமல் மூன்றாவதை எடுத்துக்கொண்டான்.

அந்தக் கணத்தில்தான் பெரியப்பா ஒன்றை முடித்துவிட்டு அடுத்த பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோனார். உக்கிராண அறை வாசலிலிருந்து வந்தது ஒரு சத்தம்.

"பத்து! சோழி!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு செண்பகா குதித்தாள். கூடம் அதிர்ந்தது. பெரியப்பாவின் கை வாய்க்கு அருகில் அப்படியே நின்றது. குழந்தைக்கு ஒன்றும் விகற்பமாகத் தெரியவில்லை. நேரே என்னிடம் ஓடிவந்து, பத்துக் கொட்டையைத் தரையில் கொட்டி, "ஜீயபுரம் மாமா பத்து சாப்பிட்டுட்டார் சித்தப்பா! சோழி குடுங்கோ! இந்த மாமா மூணுதான். நான்தான் ஜெயம்!" என்றாள்.

ஒருவர் சாப்பிடுவதை எண்ணுவது நம் வீடுகளில் எப்பேர்ப்பட்ட அபசாரம் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அதிலும் சம்பந்தி ஆகப்போகிறவர். அதிலும் கண்ணெதிரே கொட்டை கொட்டி. பெரியப்பா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். அந்தச் சின்னச் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

அண்ணா எழுந்தார். அவர் குழந்தைகளை அடித்து நான் பார்த்ததில்லை. செண்பகாவின் கன்னத்தில் ஒன்று வைத்தார். "யாருடி உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தா?" என்றார்.

இதுதான் நான் வழக்கமாகத் தாண்டிவிடும் இடம்.

செண்பகா அழவில்லை. என்னைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்தது நான் என்பதால், நான் சொல்லிவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். மேல்வேஷ்டி நுனியால் துடைத்தேன். ஒரு பக்கம் துடைத்துவிட்டு மறுபக்கமும் துடைத்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. அது அப்போது மிகவும் சௌகரியமாக இருந்தது.

"வாயைத் திறந்து சொல்லு!" என்று அண்ணா இரண்டாம் தடவை கையை ஓங்கினார்.

"அண்ணா, குழந்தையை அடிக்காதீங்கோ."

உள்ளே போயிருந்த வேதா கூடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் பெண் வாயைத் திறப்பது பாட்டுக்கு மட்டும்தான். அவள் செண்பகாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவமேல தப்பில்லை. சின்னண்ணாதான் எண்ணச் சொன்னான். நான் உள்ளேருந்து கேட்டேன்" என்றாள். பிறகு நேரே பெரியப்பாவைப் பார்த்து, "மாமா, மன்னிச்சுக்கணும். குழந்தைக்கு இது விளையாட்டு. வேற ஒண்ணும் தெரியாது" என்றாள்.

அங்கே இருந்தவர்களுக்குள் இழப்பதற்கு ஏதாவது இருந்தது என்றால் அது வேதாவுக்குத்தான். எனக்கு ஒன்றுமே இல்லை. பேசினவள் அவள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா கை அலம்பிக்கொண்டார். "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார். ஏற்கெனவே மூன்று தடவை கேட்ட வாக்கியம். வரதன் வாசல்வரைக்கும் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

பத்து நாள் ஆயிற்று. லெட்டர் இல்லை. அண்ணா என்னோடு பேசவில்லை. அவர் வழக்கமாகவே பேசாதவர் என்பதால், இது அந்தப் பேசாமை இல்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மன்னி பேசினாள். நிறையவே பேசினாள். வேதா மட்டும் எப்போதும்போல் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போன பிறகுதான் அதை எடுத்துக் குடிப்பேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. செண்பகா எண்ணுவதை நிறுத்திவிட்டாள். சொப்பு மூலையில் கிடந்தது. பள்ளிக்கூடத்து டீச்சர் மன்னியைக் கோவிலில் பார்த்து, "உங்க குழந்தைக்கு என்ன ஆச்சு? எண்ணச் சொன்னா வாயைப் பொத்திக்கறா" என்று கேட்டாளாம். குழந்தைக்கு விளையாட்டாகவே எண் வரவேண்டும் என்று ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணினவன், ஒன்று இரண்டு சொல்லவும் பயப்படும் குழந்தையைத் தயார் செய்திருந்தேன்.

பதினோராம் நாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஜட்காவில் காவேரிப் பாலத்தைத் தாண்டி, கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறி, ஜீயபுரத்தில் இறங்கினேன். வாழைத் தோப்புகளுக்கு நடுவில் நடந்துபோகும்போது மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டேன். எதிரே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "யாரைங்க தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒதுங்கிப் போனார்.

பெரியப்பா கூடத்தில் ஊஞ்சலில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, வரதனின் பெரியம்மா, பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பெரியப்பாவின் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். கையை வேறு ஏதோ ஒரு மாதிரி ஆட்டினார். போ என்கிறார் என்று நினைத்தேன். இத்தனை தூரம் வந்துவிட்டுப் போவதாவது! சாஷ்டாங்கமாகச் சேவித்து, எழுந்து, ஒப்பித்தேன்.

"மாமா, தேவரீர் க்ஷமிக்கணும். தேவரீர் பத்து பஜ்ஜி சாப்பிட்டதை எண்ணச் சொன்னது நான்தான். குழந்தைமேலயோ எங்க வேதாமேலயோ தப்பில்லை."

ஊஞ்சல் நின்றது. பூத்தொடுக்கும் கை நின்றது.

"எத்தனை?" என்றாள் பெரியம்மா.

"பத்து" என்றேன். (எனக்கு வாய் திறக்கவேண்டிய இடத்தில் திறக்காது. மூடவேண்டிய இடத்தில் மூடாது.)

"என்கிட்ட ரெண்டுன்னேளே!" என்று அவள் ஊஞ்சல் பக்கம் திரும்பினாள். "வைத்தியர் எண்ணெய்ப் பண்டத்தைக் கண்ணாலகூடப் பாக்கப்படாதுன்னு சொல்லி ஒரு மாசம் ஆகலை. அன்னிக்கு ராத்திரி பூரா வயித்தைப் பிடிச்சுண்டு உருண்டேளே, அது ரெண்டு பஜ்ஜிக்கா?"

"பத்து இருக்காதுடி. குழந்தை எண்ணினது..." என்றார் பெரியப்பா.

"குழந்தை நன்னா எண்ணுவா மாமா. நூறு வரைக்கும் தப்பே வராது" என்றேன். குழந்தையின் கௌரவத்தை இந்தத் தடவையாவது காப்பாற்றவேண்டும் என்ற வேகம்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சம்பந்தம் தட்டிப்போகவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சம்பந்தம் ஆகிவிட்டால் இரண்டு வீட்டுப் பெண்களும் பேசிக்கொள்வார்கள், பேசினால் பத்து வெளியே வரும் என்ற பயம். அதனால் வீட்டில், "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. பெரியவா எதிர்ல வந்து பேசறா" என்று மட்டும் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்.

"என்ன பேசினா அந்தப் பொண்ணு?" என்று பெரியம்மா என்னைக் கேட்டாள்.

சொன்னேன். குழந்தை அடிபட்டதையும், நான் கண்ணாடி துடைத்ததையும், வேதா வந்து நின்றதையும் எல்லாம் சொன்னேன். பெரியம்மா தொடுத்த பூவைக் கீழே வைத்தாள். "பொண்ணு நன்னாத்தான் இருக்கா. உம்மைத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றாள். உள்ளே யாரோ சிரித்த சத்தம் கேட்டது. வரதன்.

அந்த வாரமே லெட்டர் வந்தது. பெரியம்மா சொல்ல வரதன் எழுதியிருந்தான். கல்யாணம் தை மாசத்தில் என்று நிச்சயமாயிற்று.

ஆனால் நான் ஜீயபுரத்திலிருந்து திரும்பிய அன்றே எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அண்ணா ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். செண்பகா பக்கத்தில் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, அன்னிக்கு எண்ணச் சொன்னது நான்தான்" என்றேன்.

"அதான் வேதா அன்னிக்கே சொல்லிட்டாளே" என்றார் அண்ணா. "நீ சொல்றதுக்குப் பதினோரு நாளா?"

செண்பகா நிமிர்ந்தாள். "அப்போ அப்பா ஏன் சித்தப்பாவை அடிக்கலை?" என்று கேட்டாள். அது கோபமான கேள்வி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். அண்ணா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ என்ன தண்டனை சொன்னாலும் சரி" என்றேன்.

யோசித்தாள். "தோப்புக்கரணம் போடுங்கோ."

"எத்தனை?"

"நான் போறும்னு சொல்றவரைக்கும்."

காதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். நாலு போட்டவரைக்கும் கூடத்தில் சத்தமே இல்லை. ஐந்தாவதில் மெதுவாக, கையால் வாயைப் பொத்திக்கொண்டே, "அஞ்சு" என்றாள். "ஆறு, ஏழு, எட்டு." எட்டுக்குப் பிறகு மறுபடியும் "ஆறு" என்றாள். "தப்பு செண்பகா" என்றேன் மூச்சு வாங்க. "எனக்குத் தெரியும்" என்றாள். அன்றைக்கு அவள் பத்துக்கு வந்து சேர்வதற்குள் நான் முப்பதுக்குமேல் போட்டிருப்பேன். மறுநாள் மன்னி என்னைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்கு அழைத்துப்போனாள்.

மன்னித்துவிட்டாள் என்றா சொல்லுகிறீர்கள்? குழந்தைகள் மன்னிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் எந்த ஆட்டம் கற்றுக்கொண்டாலும், ஆரம்பிப்பதற்கு முன் தன் அப்பாவிடம் போய், "இது சித்தப்பா சொன்ன ஆட்டம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வருவாள். எட்டு வயதுவரைக்கும் அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் இதிலிருந்து ஒரு வார்த்தை பிறந்துவிட்டது. தான் செய்த தப்புக்கு இன்னொருவர் திட்டு வாங்கும்போது யாராவது சும்மா நின்றால், "என்ன, சித்தப்பா ஆயிட்டியா?" என்று கேட்பார்கள். முதலில் வேதாவும் வரதனும் என்னைக் கேலி செய்யச் சொன்னது. பிறகு அவர்கள் பிள்ளைகள், செண்பகாவின் பிள்ளைகள், இப்போது அவர்களுக்கும் பிள்ளைகள். அதுகளுக்கு நான் சின்னத் தாத்தா. அதனால் சித்தப்பா என்பது ஒரு மனிதன் என்றே அதுகளுக்குத் தெரியாது. மறதி, சோம்பல் என்பதுபோல அதுவும் ஒரு குணத்தின் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

போன கோடை விடுமுறையில் எல்லோரும் வந்திருந்தார்கள். செண்பகாவின் பேத்தி, ஆறு வயது, ஈஸிசேரில் இருந்த என்னிடம் வந்தாள்.

"சின்னத் தாத்தா, சித்தப்பா ஆயிட்டியான்னு எல்லாரும் சொல்றாளே, அது யாரு?"

என் கை தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போயிற்று. கூடத்து மறுகோடியில் செண்பகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மற்றக் குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடிற்று. கொஞ்ச நேரத்தில் எல்லாமாகத் திரும்பி வந்து, என் நாற்காலியைச் சுற்றி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.